றெஜினா தோய்த்த துணிகள்

பிள்ளைத் துணி தோய்ப்பதை யாராவது பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களா? றெஜினா சொல்லிக்கொண்டாள். தம்பி டினேசின் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து மயிலிட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே கிணற்றடியில் புதுக் கொடியொன்று கட்டுவித்தாள்.

"உது என்ரை மருமோன்ரை கொடி. வேறை ஆக்களின்ரை சாரம் சட்டை உதிலை தொங்கக் கண்டனோ, கிழிச்சுப் போடுவன்" என்று தம்பிக்கு உத்தரவும் போட்டாள்.

டினேஸ் சிரித்துக்கொண்டு தன் சாரத்தை வேலியில் காயப் போட்டான். கடலில் நாலு பேரைச் சத்தம் போட்டு வேலை வாங்குகிறவன்தான். அக்காவுக்கு முன்னால் மட்டும் அவனுக்கு வாய் திறக்காது.

றெஜினாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. கலியாணம் கட்டவில்லை. சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியபோது அவளுக்குப் பதினெட்டு, டினேஸ் கைப்பிள்ளை. முகாமுக்குப் போன மூன்றாம் வருடம் தாய் கண்ணை மூடிவிட்டாள். அதன் பிறகு தம்பிக்குச் சோறு ஊட்டவும், பள்ளிக்கூடம் அனுப்பவும், அவன் வளர்ந்து கடலுக்குப் போகத் தொடங்கியதும் கரையைப் பார்த்துக்கொண்டு இருக்கவுமே அவள் காலம் போய்விட்டது. பெண் கேட்டு இரண்டு தரம் வந்தார்கள். மூன்றாம் தரம் யாரும் வரவில்லை. அதை ஒரு குறையாக அவள் சொன்னதில்லை. ஆனால் தாதி அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றி முதன்முதலாகக் கையில் தந்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று அவள் அழுத அழுகையைக் கண்டவர்கள், இவள்தான் தாயாக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

பிள்ளையின் தாய் ஜெசிதா குருநகர்ப் பெண். இரண்டு தரம் கரு தங்காமல் போய், மூன்றாவதாக நின்ற பிள்ளை இது. வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். அவளுக்குத் தாய் உயிரோடு இல்லை, அதனால் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகிற பேச்சும் இல்லை. பத்தியம் முழுவதும் மச்சாள் றெஜினாவின் பொறுப்பு. நாற்பத்தொரு நாளைக்குப் பிள்ளை பெற்றவள் பச்சைத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. றெஜினா பத்தியக் கறிக்குச் சரக்கு இடித்தாள். மஞ்சளை அள்ளிப் போட்டு மீன்கறி காய்ச்சினாள். நொச்சி இலை அவித்து வெந்நீர் வார்த்தாள். ஜெசிதாவுக்குப் பால் கொடுப்பதும் நித்திரை கொள்வதும்தான் வேலை. பிள்ளை துணியை நனைத்தால் தாய் எழும்புவதற்கு முன்னமே மச்சாள் எழும்பி, பழசை உருவி, புதுசைக் கட்டிவிடுவாள்.

இப்படி ஒரு மச்சாள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அயலில் எல்லோரும் சொன்னார்கள். ஜெசிதாவும் அதையேதான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் குடும்பநல மாது கஜானி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். உரும்பிராய்ப் பெண், முப்பது வயதுகூட இராது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுப் பிள்ளையை வாங்கி, ஒட்டுத் துணி இல்லாமல் உரிந்து பாயில் கிடத்தினாள். றெஜினாவுக்குப் பதறியது. குளிரப் போகிறதே! கஜானி அதைக் கவனிக்காமல் உச்சிக்குழியைத் தடவினாள், தொப்புளை முகர்ந்து பார்த்தாள், இரண்டு காலையும் மடித்து விரித்து இடுப்பு மூட்டைச் சோதித்தாள், பிறகு தராசில் போட்டாள்.

"பிறந்த நேரத்திலும் பாக்க நூற்றைம்பது கிராம் குறைவு" என்றாள்.

"ஐயோ மாதாவே! பிள்ளை மெலிஞ்சு போச்சோ?"

"அன்ரி, முதல் கிழமை எல்லாப் பிள்ளையளும் குறையும். பத்துப் பன்ரெண்டு நாளிலை திருப்பி எடுத்துப்போடும். மூத்திரம் ஒரு நாளைக்கு ஆறேழு தரம் போகுதோ எண்டு பாருங்கோ. அது காணும்."

பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இனி என்னென்ன வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு மாதத்தில் கிளினிக். டொக்ரர் இருதயம் வைத்துக் கேட்பார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். இரண்டு மாதத்தில் ஊசி. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா என்று கேட்பார்கள், அதையெல்லாம் பார்த்து வைக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் ஜெசிதாவைப் பார்க்கவில்லை, றெஜினாவைத்தான் பார்த்தாள்.

"ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கப்படாது. தேன், சீனித்தண்ணி, உரைமருந்து ஒண்டும் வேண்டாம்."

"ஓம் மிஸ்" என்றாள் றெஜினா. மனதாரச் சொன்ன ஓம்தான்.

அந்த ஓம் பன்னிரண்டாம் நாள் வரைக்கும் நின்றது. அன்றைக்குப் பிள்ளை காலை வயிற்றோடு ஒட்டி மடித்துக்கொண்டு நாலு மணித்தியாலம் வீரிட்டு அழுதான். டினேஸ் கடலில். ஜெசிதாவும் சேர்ந்து அழத் தொடங்கிவிட்டாள். றெஜினாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டினேசுக்குக் கொடுக்காத உரைமருந்தா? முகாமில் டொக்ரரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வசம்பும் கடுக்காயும்தானே அவனை ஆளாக்கின? குசினிக்குப் பின்னால் போய்க் கல்லில் இரண்டு இழுவை இழைத்து, சின்ன விரல் நுனியால் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்தான், கொஞ்ச நேரத்தில் உறங்கியும் போனான். ஜெசிதாவிடம் அவள் சொல்லவில்லை. அடுத்த நாளும் வைத்தாள். அதற்கடுத்த நாளும் வைத்தாள்.

பதினெட்டாம் நாள் காலையில் துணியை விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சில நாட்களாகவே நிறம் வெளிறிக்கொண்டுதான் வந்தது. அன்றைக்கு அரைத்த உளுத்தம்மா மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. மூத்திரம் பட்ட இடமோ மஞ்சள் கறை பிடித்திருந்தது. எல்லாம் தலைகீழாக இருந்தது.

மஞ்சளுக்குக் காரணம் அவளிடம் தயாராக இருந்தது. தாய் தின்கிற சரக்குக் கறியில் எவ்வளவு மஞ்சள்! அது பாலில் இறங்காதா? பிள்ளையின் கண்ணில் தெரிந்த மஞ்சளுக்கும் அதையே காரணம் சொல்லிக்கொண்டாள். வெள்ளைக்குத்தான் காரணம் இருக்கவில்லை. அதற்குத் தன்னையே காரணமாக வைத்துக்கொண்டாள். உரைமருந்து பிள்ளையின் குடலை அரித்துவிட்டது, நான்தான் பிள்ளைக்கு நஞ்சு வைத்தேன் என்று கிணற்றடியில் குந்திக்கொண்டு நெஞ்சில் அடித்தாள். வசம்பையும் கடுக்காயையும் கடலில் எறிந்தாள். துணியை மூன்று தரம் சவர்க்காரம் போட்டு அலசி, கொடியில் போட்டாள்.

இந்த இடத்தில் அவளைப் பிடித்து உலுப்பி, போய்ச் சொல்லடி என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் அவள் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த பிள்ளை. சொன்னால் கையிலிருந்து பறித்துவிடுவார்கள். இனி இவளைப் பிள்ளைக்குக் கிட்ட விடாதே என்று மாது சொல்லுவாள், ஜெசிதா கேட்பாள், டினேஸ் பேசாமல் நிற்பான். மருந்தை நிற்பாட்டியாயிற்று, நாலு நாளில் குடல் சரிவந்துவிடும், பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியத் தேவையில்லை. இதுதான் அவள் போட்ட கணக்கு.

இருபத்தோராம் நாள் கஜானி திரும்ப வந்தாள். பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மூக்கு நுனியைப் பெருவிரலால் அமத்தி எடுத்துப் பார்த்தாள். அமத்திய இடம் மஞ்சளாக இருந்தது.

"இன்னும் மஞ்சள் நிக்குதே. பதினாலு நாளோடை போயிருக்க வேணும்" என்றவள், புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள். அங்கே வரிசையாகப் பிள்ளைகளின் மல நிறங்கள் படமாக இருந்தன. "அக்கா, பிள்ளைக்கு வெளிக்குப் போறது இதிலை எந்த நிறம்?"

ஜெசிதா மச்சாளைப் பார்த்தாள். "எனக்கு வடிவாத் தெரியாது மிஸ். மச்சாள்தான் துணி தோய்க்கிறவ."

இரண்டு பேரும் றெஜினாவைப் பார்த்தார்கள். படத்தில் மேல் வரிசை முழுவதும் வெள்ளையும் சாம்பலும். அவளுடைய பிள்ளையின் நிறம் இரண்டாவதாக இருந்தது. அச்சொட்டாக அதே நிறம். அவள் விரல் அதைத் தாண்டிக் கீழே இறங்கி, கடுகு அரைத்தது போன்ற ஒரு மஞ்சளில் போய் நின்றது.

"இது" என்றாள்.

"துணி ஒண்டு கிடந்தாக் காட்டுங்கோவன் அன்ரி."

"இப்பத்தானே எல்லாத்தையும் தோய்ச்சுப் போட்டனான்."

கஜானி வெளியே கொடியை எட்டிப் பார்த்தாள். வெயிலில் பன்னிரண்டு துணி வெள்ளைவெளேரென்று ஆடிக்கொண்டு நின்றன. "உங்களை மாதிரித் தோய்க்கிறதுக்கு ஆக்கள் இல்லை அன்ரி" என்று சிரித்தாள். போகும்போது மட்டும் அழுத்திச் சொன்னாள்: "திங்கக்கிழமை கிளினிக். டொக்ரர் ஒருக்காக் கட்டாயம் பாக்கவேணும். மறந்து போகாதேங்கோ."

திங்கட்கிழமை காலையில் பிள்ளை இரண்டு தரம் தும்மினான். அது போதும் றெஜினாவுக்கு. "தடிமன் பிடிக்கப் போகுது. பனிக்காத்திலை வெளியிலை எடுக்கேலாது" என்று ஒரே பிடியாக நின்றாள். பின்னேரம் கஜானி ஜெசிதாவின் போனுக்கு எடுத்தாள். ஜெசிதா உறக்கம். றெஜினாதான் எடுத்தாள்.

"ஓம் மிஸ், தனியாரிலை ஒரு டொக்ரரிட்டைக் காட்டினாங்கள். பால் குடிக்கிற பிள்ளையளுக்கு உப்பிடி மஞ்சள் நிக்குமாம். பயமில்லையாம்."

"அப்ப நல்லது. அவர் எழுதித் தந்த துண்டைக் கவனமா வைச்சிருங்கோ, ரெண்டு மாச ஊசிக்கு வரேக்கை கொண்டு வாங்கோ."

போனை வைத்தாள். வாழ்நாளில் இவ்வளவு பெரிய பொய்யை அவள் சொன்னதில்லை. சொன்னது நல்லதுக்குத்தான் என்று மாதாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளில் இருந்து சொன்னாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் அவளுக்கு ஒரே வேலையாகிவிட்டது. துணியை வெளிச்சத்தில் விரித்து வைத்து மஞ்சளைத் தேடுவாள். ஒரு மடிப்பில் கொஞ்சம் மஞ்சள் பூத்ததுபோல் தெரியும். 'பார், குணம் தெரியுது' என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள். அடுத்த நாள் அந்த மஞ்சளும் இராது. நாற்பத்தொரு நாள் முடிந்து, "இனி நான் தோய்க்கிறன் மச்சாள்" என்று ஜெசிதா வந்தபோது, "வயித்தை வெட்டின உடம்பு, இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்று வாளியைப் பறித்துக்கொண்டாள். ஒருநாள் றெஜினா எடுப்பதற்கு முன்னமே ஜெசிதா துணியைக் கண்டுவிட்டாள்.

"என்ன மச்சாள், வெள்ளையாக் கிடக்கு?"

"பால் குடிக்கிற பிள்ளைக்குப் பின்னைக் கறுப்பாவோ போகும்?"

ஜெசிதா சிரித்தாள். நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? பிள்ளை வளர்த்தவள் மச்சாள்தானே. பிள்ளையும் பார்க்க நன்றாகத்தான் இருந்தான். முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தான். அருட்செல்வன் என்று ஞானஸ்நானப் பெயரும் வைத்து, அருள் அருள் என்று வீடு முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

இரண்டு மாத ஊசிக்குப் போனது அறுபத்தாறாம் நாள். கிளினிக் மண்டபத்தில் முப்பது தாய்மார். அழுகையும் பால்மணமுமாக இருந்தது. நிறை, உயரம், தலைச் சுற்றளவு என்று ஒவ்வொரு மேசையாகப் போய் வந்து, கடைசியில் டொக்ரரின் மேசை. நடுவயதுப் பெண். முதலில் சிரித்த முகமாகத்தான் பிள்ளையை வாங்கினார். கண்ணைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. யன்னலடிக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பப் பார்த்தார். படுக்க வைத்து வலப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெல்ல அமத்தி அமத்தி இறங்கினார். இறங்கி முடிய வெகுநேரம் எடுத்தது.

"துணியைக் கழட்டுங்கோ."

நல்ல காலமோ கெட்ட காலமோ, பிள்ளை அப்போதுதான் போயிருந்தான். டொக்ரர் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கஜானியைக் கூப்பிட்டுக் காட்டினார். கஜானியின் முகம் செத்துவிட்டது.

"எப்ப துவக்கம் இப்பிடிப் போகுது?" என்று டொக்ரர் ஜெசிதாவைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது டொக்ரர். மச்சாளைத்தான் கேக்கவேணும்."

"இப்ப... ஒரு நாலைஞ்சு நாளா" என்றாள் றெஜினா.

"அன்ரி" என்று கஜானி குறுக்கிட்டாள். "அந்தத் தனியார் டொக்ரர் தந்த துண்டு எங்கை?"

"எந்தத் தனியார் டொக்ரர்?" என்று கேட்டாள் ஜெசிதா.

டொக்ரர் கதிரையை இழுத்து றெஜினாவுக்கு நேரே போட்டு இருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் றெஜினாவுக்கு இன்னொரு பொய் வந்திருக்கும். "அம்மா, இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். நீங்கள் சொல்லுற நாளை வைச்சுத்தான் நான் எழுதப் போறன். எப்ப துவக்கம்?"

"பதினெட்டாம் நாள் துவக்கம்" என்றாள் றெஜினா. பிறகு எல்லாம் கொட்டுப்பட்டது. உரைமருந்து இழைத்தது, படத்தில் விரலை மாற்றி வைத்தது, தும்மலைச் சாட்டிக் கிளினிக்குக்குப் போகாமல் நிற்பாட்டியது, போனில் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். "என்ரை மருந்துதான் பிள்ளையைக் கெடுத்தது டொக்ரர். நான் குடுத்திருக்கப்படாது. என்னைப் பொலிசிலை குடுங்கோ."

டொக்ரர் இல்லையென்று தலையை ஆட்டினார். "உங்கடை மருந்தாலை வந்த வருத்தமில்லை இது. ஈரலிலை இருந்து பித்தம் இறங்கிற குழாய் அடைபட்டுப் போற வருத்தம் மாதிரிக் கிடக்கு. இது ஆரும் குடுத்து வாறதில்லை."

ஒரு கணம் றெஜினாவின் முகம் மலர்ந்தது. ஒரே ஒரு கணம்தான்.

"ஆனா, அறுபது நாளுக்கு முதல் சத்திரசிகிச்சை செய்தால்தான் நல்ல பலன். நாள் போகப் போக ஈரல் பழுதாகும். முந்தி வந்திருந்தாலும் உறுதி சொல்லேலாதுதான். வாய்ப்புக் கூடவா இருந்திருக்கும்."

ஜெசிதா எழும்பி, றெஜினாவின் தோளில் தொங்கிய பிள்ளைத் துணிப் பையைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே பெரியாஸ்பத்திரி, அடுத்த கிழமை கொழும்பு என்று போய்விட்டார்கள். றெஜினாவை யாரும் வா என்று கூப்பிடவில்லை.

எழுபத்தொன்பதாம் நாள் அருளின் வயிற்றைத் திறந்தார்கள். குடலில் ஒரு துண்டை இழுத்து ஈரலோடு தைத்தார்கள். டினேஸ் போனில் சொன்னான்: "பித்தம் இறங்கினால் மஞ்சளா இல்லாட்டிப் பச்சையாப் போகுமாம் அக்கா. வெள்ளையாவே போனால் ஒப்பரேசன் பிடிக்கேல்லையாம். பிறகு இன்னொராளின்ரை ஈரலிலை வெட்டித்தான் வைக்கவேணுமாம். அதுக்குப் பிள்ளை வளரவேணும், நிறை ஏறவேணும், அதுவரை தாங்கவேணும்."

"என்ரை ஈரலை எடுக்கச் சொல்லடா. முழுசா எடுக்கச் சொல்லு."

"அக்கா, நீ என்னை வளத்தனீ. உன்னை ஏச எனக்கு வாய் வருகுதில்லை. ஆனா ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? நான் உன்னை என்ன செய்திருப்பன்?"

அவன் ஒன்றும் செய்திருக்க மாட்டான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாவசங்கீர்த்தனம் செய்யப் பங்குச் சுவாமியிடம் போனாள். சுவாமி பொறுமையாகக் கேட்டு, செபமாலை சொல்லும்படி சொல்லி, மன்னிப்பும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து வெறும் கொடியைப் பார்த்ததும் அந்த மன்னிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒப்பரேசன் முடிந்த பத்தாம் நாள் டினேஸ் போனில் கத்திக்கொண்டு கூப்பிட்டான். பச்சையாகப் போயிருக்கிறானாம்! றெஜினா போனோடு வீதிக்கு ஓடி, கண்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். பிள்ளை வெளிக்குப் போனதற்காக ஒரு பெண் வீதியில் நின்று அழுததை மயிலிட்டி அன்றைக்குத்தான் கண்டது.

ஐந்து கிழமை கழித்து வீட்டுக்கு வந்தார்கள். அருளின் வயிற்றில் குறுக்காக ஒரு தழும்பு. முகம் சிறுத்து, வயிறு பெருத்திருந்தது. மஞ்சளாகத்தான் போகிறான் என்றார்கள். மூன்று நாள் தொடர்ந்து வெள்ளையாகப் போனால் ஒரு நிமிசமும் பிந்தாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கொழும்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இப்போது துணிகளை ஜெசிதாதான் தோய்த்தாள். றெஜினா சமைத்தாள், கூட்டினாள், தண்ணீர் அள்ளி வைத்தாள். பிள்ளை அழுதால் எழும்புவாள், பிறகு தானாகவே திரும்ப இருந்துவிடுவாள். ஜெசிதா அவளோடு கதைக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சோற்றுக் கோப்பையை நீட்டினால் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். றெஜினாவுக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது. பிள்ளையை ஒருதரம் மடியில் வைத்திருக்கக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைப்பாள். வாய் வராது.

பதினொரு நாள் இப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணியிருக்கும். றெஜினா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள்."

கத்தி கையிலிருந்து விழுந்தது. கிளினிக்கில் பையைக் கழற்றிய நாளுக்குப் பிறகு ஜெசிதா கூப்பிட்ட முதல் சொல் அது. நிமிர்ந்து பார்த்தாள். ஜெசிதாவின் கையில் மடித்த துணி ஒன்று.

"இதை ஒருக்காப் பாருங்கோ."

"நானோ?"

"நேற்றும் முந்தநாளும் மஞ்சள் எண்டுதான் அவருக்குச் சொன்னனான். என்ரை கண்ணுக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது. இண்டைக்கும் அப்பிடித்தான் தெரியுது." அவள் துணியை நீட்டினாள். "எனக்கு என்ரை கண்ணிலை நம்பிக்கையில்லை மச்சாள்."

"டினேசைக் கேளனம்மா."

"அவர் துணியைப் பாக்கமாட்டார், என்ரை முகத்தைப் பாத்துத்தான் சொல்லுவார். அயலுக்கையும் அப்பிடித்தான் சொல்லுவினம். நீங்கள் ஒராள்தான் இனி எனக்குப் பொய் சொல்லமாட்டியள்."

றெஜினா கையைக் கழுவினாள். இரண்டு தரம் கழுவினாள். துணியை வாங்கி, கிணற்றடி வெயிலுக்குக் கொண்டுபோய் விரித்தாள். ஒரு ஓரத்தில், மடிப்பு விழுந்த இடத்தில், மஞ்சள்போல் ஏதோ இருக்கத்தான் செய்தது. தேடினால் அகப்படும். ஒரு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு விடியலிலும் அவள் தேடி எடுத்த மஞ்சள் அது. அதற்குப் பெயர் மஞ்சள் இல்லை என்பது இந்த உலகத்தில் அவளைப்போல் யாருக்குத் தெரியும்? மஞ்சள் என்று சொல்லிவிடு, அவள் முகம் மலரும், உன்னோடு திரும்பக் கதைப்பாள், பிள்ளையையும் தருவாள் என்று மனம் கிடந்து அடித்தது.

"வெள்ளை, ஜெசி" என்றாள்.

ஜெசிதா வாளியைக் காட்டினாள். "நேற்றைய துணியும் முந்தநாளையானும் தோய்க்காமல் வாளிக்கை போட்டு வைச்சிருக்கிறன். அதையும் பாருங்கோ."

தோய்க்காமல் ஏன் வைத்தாள் என்று றெஜினா கேட்கவில்லை. அவளுக்கு விளங்கியது. வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விரித்தாள்.

"இதுவும் வெள்ளை."

"மற்றது?"

"அதுவும்தான் அம்மா."

ஜெசிதா கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். அவள் வாயிலிருந்து வந்தது அழுகையா முனகலா என்று சொல்ல முடியாது. றெஜினா தொடக் கையை நீட்டி, தொடாமல் நின்றாள். கண்ணீரில் அவளுக்கும் கண் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெசிதா எழும்பி, முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"இஞ்சேருங்கோ, ஓட்டோவைக் கூப்பிடுங்கோ. பிள்ளையைக் கொண்டு போகவேணும்."

பிறகு றெஜினாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் உடுப்பை மாத்திக்கொண்டு வாங்கோ. எத்தினை நாள், என்ன நிறம் எண்டு டொக்ரர் கேப்பினம். நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு அது வாயிலை வராது."

டினேஸ் முன்னால் ஏறினான். பின்னால் ஜெசிதாவும் றெஜினாவும். அருள் தாயின் மடியில் முழித்துக்கொண்டு கிடந்தான். அத்தை இவ்வளவு கிட்ட வந்து பல நாளாகிறது. மஞ்சள் பூத்த கண்ணால் அவளையே பார்த்தான், பார்த்துவிட்டு வாயெல்லாம் விரியச் சிரித்தான். அவன் என்னத்தைக் கண்டான். றெஜினா பதிலுக்குச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் மடியில் அந்த மூன்று துணியும் சுற்றிய பை இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வரும்வரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள்: மூண்டு நாள் டொக்ரர், மூண்டு நாளும் வெள்ளை.